புதன்கிழமை மாப்பிள்ளை

நிந்தவூரில் பெண்சாதி மௌத்தாகிப்போன ஆம்பிளை ஒருவர் தனியாக இருந்தால் ஊர் அவரைச் சும்மா விட்டுவைக்காது. முதல் மாதம் கையைப் பிடித்துக்கொண்டு அழும். நாலைந்து மாதத்தில் பெண் பார்த்துச் சொல்லும். வருடம் திரும்பியும் ஆள் அசையவில்லை என்றால், இவருக்கு உடம்பில் ஏதும் குறையோ என்று தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கதைக்கும். ஜவுபர் இது எல்லாவற்றையும் தாண்டி மூன்றாவது வருடத்தில் நின்றார். ஊரும் களைத்துப்போய் அவரை விட்டுவிட்டது.

ஊர் இப்படி அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். உம்மாவும் வாப்பாவும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி எழுப்புகிற வீடு மகளின் பெயரில் எழுதப்படும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவார். ஜவுபரும் அப்படி இளந்தாரி வயதில் தன் பெண்சாதி சபியா உம்மாவின் வீட்டுக்கு வந்து ஏறியவர்தான். பிறகு கல்முனை பஸாரில் புடவைக்கடை போட்டுச் சம்பாதித்து, ஒரே மகள் ஹப்ஸாவுக்கு அதே வளவில் இந்தப் பெரிய வீட்டைக் கட்டினார். கலியாணத்தோடு வீடு மகளுடையதாகிவிட, அவரும் சபியா உம்மாவும் விறாந்தையை ஒட்டிய அறைக்கு மாறினார்கள். சபியா உம்மா உயிரோடு இருந்தவரை அது ஒரு மாற்றமாகவே தெரியவில்லை. அவ போன பிறகுதான், அட, நாம் மகள் வீட்டில் அல்லவா இருக்கிறோம் என்று மனிதருக்கு உறைத்தது. இந்த நிலைமையில் இருக்கிற ஆம்பிளை இன்னொரு கலியாணம் முடித்தால் பெண்ணும் கிடைக்கும், தலைக்கு மேலே கூரையும் கிடைக்கும். ஊர் நினைப்பது அவ்வளவுதான்.

கடையில் இருந்த காலத்தில் ஜவுபரின் வாயை யாராலும் கட்டமுடியாது. ஒரு சாரி எடுக்க வந்தவள் மூன்று சாரியோடும் ஊர்ப்புதினம் முழுவதோடும் பஸ் ஏறுவாள். அந்த மனிதர்தான் வீட்டுக் கேற்றைத் திறந்தவுடன் ஊமையாகிவிடுவார். வீட்டில் கதைப்பது சபியா உம்மாவின் வேலை. ஹப்ஸா பெரியபிள்ளை ஆன நாளிலிருந்து வாப்பாவின் முன்னால் நின்று நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் கதைத்ததில்லை. பயம் என்று சொல்லமுடியாது. மரியாதை, அதோடு ஒரு வெட்கம். அவளுக்கு ஒன்று தேவை என்றால் உம்மாவிடம் சொல்வாள், உம்மா சோறு போடும்போது அவரிடம் சொல்வா. மகளுக்குக் காய்ச்சலாம். மகளுக்குத் தையல் மெசின் வேணுமாம். மகளுக்கு இந்த மாப்பிள்ளை விருப்பமாம். அவருடைய பதிலும் அதே வழியாகத் திரும்பிப் போகும். எங்கள் ஊரில் முக்கால்வாசி வீடுகள் இப்படித்தான் நடக்கின்றன, ஒரு குறையும் இல்லாமல்.

ஆனால் நடுவில் நிற்கிற ஆள் போய்விட்டால்? சபியா உம்மா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினா. வாப்பாவும் மகளும் இரண்டு கரையில் நின்றுவிட்டார்கள்.

ஹப்ஸா கவனிக்காமல் விட்டாள் என்று யாரும் சொல்லிவிடமுடியாது. அவருக்குப் பிடித்த மீன், நேரத்துக்குச் சோறு, சீனி போடாத தேத்தண்ணி, வெள்ளிக்கிழமைக்கு வெளுத்த சாரன், எல்லாம் சொல்லாமலே வரும். "சாப்பாடு வச்சிரிக்கன் வாப்பா" என்பாள். "ம்" என்பார். அதோடு அன்றைய கதை முடிந்தது. முழங்கால் நோவு வந்து கடையைத் தம்பியின் மகனிடம் விட்ட பிறகு பஸாருக்குப் போவதும் நின்றது. பள்ளிக்குப் போவார், வருவார், விறாந்தைக் கதிரையில் இருந்து றோட்டில் போகிற பஸ்களைப் பார்ப்பார். அக்கரைப்பற்று பஸ், கல்முனை பஸ், பொத்துவில் பஸ். சில நாட்களில் தன்னுடைய குரல் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பிள்ளை வந்தாள்.

பெயர் விதுஷா. காரைதீவுப் பிள்ளை. ஹப்ஸாவின் புருசன் றிஸ்கானோடு படிப்பிக்கிற ஒரு ரீச்சரின் மகள். கல்முனையில் சமூகப்பணி படிக்கிறாளாம். அதில் ஒரு பாடம், மனிதர்களின் மனம் பிறந்த நாளிலிருந்து கடைசிவரை எப்படி எப்படி மாறிப்போகிறது என்பது. குழந்தை, பள்ளிக்கூடப் பிள்ளை, குமர்ப்பிள்ளை, குடும்பக்காரர் என்று ஒவ்வொரு வயதுக்கும் ஆள் பிடித்துக் கதைத்து எழுதவேண்டும். மற்ற எல்லா வயதுக்கும் ஆள் கிடைத்துவிட்டது, வயதான ஆள்தான் கிடைக்கவில்லை. "மாமா சும்மாதானே இருக்கிறார்" என்று றிஸ்கான் அவளை அனுப்பிவைத்தான்.

முதல் புதன்கிழமை ஜவுபர் அவளை நம்பவில்லை. கிழவனிடம் கேட்டுப் படிக்க என்ன இருக்கிறது? அவள் விறாந்தைக் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு விளங்கப்படுத்தினாள். ஒவ்வொரு வயதிலும் மனிதருக்கு ஒரு சோதனை வருமாம். கைக்குழந்தைக்கு உம்மாவை நம்பலாமா என்பது சோதனை. இளந்தாரிக்கு நான் யார் என்பது. கலியாண வயதில் இன்னொரு ஆளோடு ஒட்டமுடியுமா, தனித்துப்போய்விடுவேனா என்பது. இப்படியே போய், ஐயாவின் வயதில் திரும்பிப் பார்த்து, வாழ்ந்தது போதும் என்று மனம் நிறையுமா, இல்லாவிட்டால் கசந்துபோகுமா என்பதுதான் கடைசிச் சோதனை.

"இந்த வயசிலயும் சோதனையா புள்ள? பெயிலாப் போனா திரும்ப எழுதலாமா?" என்று ஜவுபர் கேட்டார்.

அவள் சிரித்துவிட்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு தான் சொன்ன ஒன்றுக்கு ஓர் ஆள் சிரிப்பதை அவர் அன்றுதான் கண்டார். அவருக்குள்ளே கடைக்காரன் எழும்பி உட்கார்ந்துவிட்டான்.

பிறகென்ன, ஒவ்வொரு புதன்கிழமையும் கதைதான். சின்ன வயதில் களியோடை ஆற்றில் முழுகி மூச்சடைத்துப் போனது. உம்மா தன்னுடைய வீட்டைத் தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்த அன்று, இனி நான் எங்கே படுப்பது என்று யோசித்தது. கலியாணம் முடித்துச் சபியா உம்மாவின் வீட்டுக்கு வந்த முதல் நாள் தாகம் எடுத்தும் யாரிடம் தண்ணீர் கேட்பது என்று தெரியாமல் விடிய விடிய விழித்துக்கிடந்தது. அதைக் கண்டுபிடித்த சபியா உம்மா அடுத்த நாளிலிருந்து தலைமாட்டில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்தது. ஹப்ஸா பிறந்த நேரம் வெள்ளம் வந்து றோட்டு அடைபட, கொழும்பிலிருந்து துணிக்கட்டோடு லொறியில் வந்தவர் இறங்கி இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்தே வந்து, பிள்ளையைக் கையில் வாங்கப் பயந்து, சாரனில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றது.

"ஏன் ஐயா பயந்தீங்க?" என்று அவள் கேட்டாள்.

"அவ்வளவு சின்னன் புள்ள. நான் துணி கிழிக்கிற கை. எங்கயும் நொந்திருமோ எண்டு பயந்தன்" என்றார்.

அவர் கதைக்கும்போது நடு ஹோலின் வாசலில் தொங்குகிற திரைச்சீலை சில வேளை அசையும். உள்ளே ஹப்ஸா வெங்காயமோ கீரையோ வைத்துக்கொண்டு இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். குமர்ப்பிள்ளை ஒருத்தி வந்து ஆம்பிளையோடு கதைத்துக்கொண்டு இருக்கும்போது வீட்டுப்பெண் பக்கத்தில் இருப்பதுதானே ஒழுங்கு. அதற்காகத்தான் இருக்கிறாள் என்று நினைத்தார். வேறொன்றும் அவருக்குத் தோன்றவில்லை. ஆம்பிளைகளின் புத்தி இவ்வளவுதான், என்ன செய்வது.

புதன்கிழமை என்றால் மனிதர் மாறிப்போனார். காலையிலேயே குளித்து, தாடிக்கு மருதாணி வைத்து, மடிப்புக் குலையாத சாரன் உடுத்து, தோளில் அத்தர் தடவிக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிடுவார். அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கப் பிஸ்கற் வாங்கிவைப்பார். செவ்வாய்க்கிழமையே வாய்க்குள் ஏதோ பாட்டு ஓடும். கொஞ்சம் சோறு கூடப் போடச் சொன்னார் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. தன்னுடைய பேத்தி வயதுப் பிள்ளை ஒருத்தி கொப்பியோடு வந்து, பிறகு, பிறகு என்று கேட்கிறாளே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு கூத்தும்.

ஆனால் பார்க்கிறவர்கள் வேறு மாதிரிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் தப்பாக நினைக்கவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். பழைய கதையெல்லாம் கதைத்துக் கதைத்து மனிதருக்குக் கலியாண ஆசை வந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். றிஸ்கானின் மாமா ஸைனுலாப்தீன், ஊரில் அரைவாசிக் கலியாணத்தைப் பேசி முடித்தவர், ஒரு புதன்கிழமை காலை கேற்றடியில் நின்று மருதாணித் தாடியையும் பார்த்தார், அத்தர் வாசத்தையும் பிடித்தார். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கிழமை வந்து ஜவுபரின் பக்கத்தில் உட்கார்ந்து, இறக்காமத்தில் ஆசியா உம்மா என்று ஒரு விதவை இருப்பதாகவும், நல்ல குணசாலி என்றும், கல்வீடு, குளத்துக்குக் கீழே வயல், பிள்ளைகள் எல்லாரும் கரைசேர்ந்துவிட்டார்கள் என்றும் பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார். ஜவுபர் அதை ஊர்ப்புதினம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஸைனுலாப்தீன் தொண்டையைக் கனைத்து, அண்ணன் முறை வைத்து, "என்ன காக்கா, பார்ப்பமா?" என்று கேட்டதும் அவருக்கு விசயம் விளங்கியது. திகைத்துப்போய்ப் பேசாமல் இருந்துவிட்டார்.

குமர்ப்பெண்ணிடம் சம்மதம் கேட்கும்போது அவள் வெட்கத்தில் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதமாக எடுப்பது மார்க்கம். எழுபதை நெருங்கிய புடவைக்கடைக்காரர் பேசாமல் இருந்ததையும் ஸைனுலாப்தீன் அதே கணக்கில் எடுத்துக்கொண்டு, ஸலாம் சொல்லி எழும்பி, நேராக உள்ளே போய் ஹப்ஸாவிடம் சொல்லிவிட்டார். ஜவுபர் எழும்பி அவருக்குப் பின்னால் போவதற்குள் முழங்கால் பிடித்துக்கொண்டது.

சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அவரும் அன்று மத்தியானம் அதைத்தான் சொல்லவேண்டும் என்று இருந்தார். ஹப்ஸா சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு துண்டு மீன் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமலே, "வெள்ளிக்கிழமை அவங்க வாறாங்களாம் வாப்பா" என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. அவர் "ம்" என்றார். எத்தனை வருடத்துப் பழக்கம் அது. வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இறக்காமத்திலிருந்து ஆசியா உம்மாவின் மூத்த மகனும் தம்பியும் வந்தார்கள். பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை கேட்பதுதானே எங்கள் முறை, வயது போனாலும் முறை முறைதான். நல்ல மனிதர்கள். வயல் வேலைக்காரர்களின் பெரிய கைகள். மகன் வெட்கப்பட்டுக்கொண்டே ஜவுபரிடம் சீனி வருத்தம் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டான், கண் தெரிகிறதா என்று கேட்டான். பிறகு யானைக் கதைக்கு வந்தான். வேளாண்மை முற்றுகிற நேரம் யானை வளவுக்குள்ளேயே வந்துவிடுகிறதாம், உம்மா தனியாக இருக்கப் பயப்படுகிறாவாம், வீட்டுக்குள் ஆம்பிளைச் சத்தம் ஒன்று இருந்தால் நல்லதாம். ஸைனுலாப்தீன் இதற்கும் சந்தோசமாகத் தலையாட்டினார். ஜவுபர் காக்காவின் சத்தத்துக்கு யானை என்ன, புலியே ஓடும் என்றார்.

ஹோலில் மேசை நிறையச் சாப்பாடு. புரியாணி, கோழி, மாட்டிறைச்சி, மாசிச் சம்பல், கடைசியில் வட்டிலப்பம். ஹப்ஸா முதல் நாள் பின்னேரமே தொடங்கிச் சமைத்திருந்தாள். ஜவுபர் ஒரு கவளத்தை வாயில் வைத்தார். அவ்வளவு ருசி. சபியா உம்மாவின் கை அப்படியே மகளுக்கு வந்திருந்தது. அந்தக் கவளம் அவருக்கு இறங்கவில்லை. என்னை அனுப்புவதற்கு என் மகள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறாள் என்று நினைத்தார். பேத்தி ஹிமாயா பெரிய சோதனைக்குப் படிக்கிறாள், அவளுக்குத் தனி அறை வேண்டும் என்று முன்பு ஒருநாள் றிஸ்கான் சொன்னது காதில் விழுந்திருந்தது. நியாயம்தானே. வீடு அவர்களுடையது. அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். புடவைக்கடையில் நட்டத்துக்கு விற்கும்போதும் அவர் இப்படித்தான் சிரிப்பார்.

வாற மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசிமுடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஜவுபர் அறைக்குள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு திரிந்தார். கட்டிலைப் பார்த்தார். சபியா உம்மாவின் அலுமாரியைத் திறந்து மூடினார். எதைக் கொண்டுபோவது, எதை விட்டுப்போவது? மாப்பிள்ளையாய் வரும்போது என்னதான் கொண்டுவந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. தொழுதுவிட்டுக் கையேந்தினால் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை அவர் மருதாணியும் வைக்கவில்லை, அத்தரும் பூசவில்லை. விதுஷா வந்தாள். இன்றோடு தன்னுடைய வேலை முடிகிறது என்றாள். ஐயாவின் கதையைக் கேட்டு விரிவுரையாளர் நன்றாக இருக்கிறது என்று சொன்னாராம். இனிச் சோதனை, அது முடியத் திருக்கோவில் பக்கம் களப்பயிற்சி.

"பிறகு வருவியா புள்ள?" என்று ஜவுபர் கேட்டார்.

"நேரம் கிடைச்சா கட்டாயம் வருவன் ஐயா" என்றாள்.

அவள் மனதாரத்தான் சொன்னாள். ஆனால் துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு வாறோம் என்று சொல்லிப் படியிறங்கியவர்களை ஜவுபர் வாழ்நாள் முழுவதும் கண்டவர். சரி மகள், சந்தோசம் என்று தலையாட்டினார். அவளைத் தன் வாய் அன்றுதான் மகள் என்று கூப்பிட்டதை அவர் கவனிக்கவில்லை.

அவள் கடைசிக் கேள்வியைக் கேட்டாள். முதல் நாளே சொன்ன சோதனைதான். வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது ஐயாவுக்கு மனம் நிறைவாக இருக்கிறதா?

ஜவுபர் றோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு பஸ் போனது, இன்னொரு பஸ் போனது. பிறகு அவர் நடந்ததை எல்லாம் சொன்னார். இறக்காமத்து ஆட்கள் வந்தது, நாள் குறித்தது, யானை, எல்லாம். விதுஷாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

"ஆம்பிளைக்கு எப்பயும் ஆருடையோ வீடுதான் புள்ள" என்றார். "உம்மாட வீடு, பொஞ்சாதிட வீடு, மகள்ட வீடு. நான் அதுக்குக் கவலப்பட்டதில்ல. ஆனா இந்த வீட்ட விட்டுப் போக எனக்கு விருப்பமில்ல. இது சபியா உம்மா நடந்து திரிஞ்ச வளவு. மகளுக்கு நான் போறதுதான் விருப்பம் போல கிடக்கு. அவள் கேட்டா நான் எப்படி மாட்டன் எண்டு சொல்ற? அவளுக்கு நான் ஒரு நாளும் மாட்டன் எண்டு சொன்னதில்ல."

விதுஷா எழுதவில்லை.  படித்த பாடத்தில் இதற்குப் பதில் இருக்கவில்லை போலும். பஸ் நேரம் வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கண்கலங்க, கவனமாக இருங்கள் ஐயா என்று சொல்லிப் போனாள். கேற்றைத் திறந்து, திரும்பிக் கொழுவிவிட்டு, றோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றாள். காரைதீவுப் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது. அது போன பிறகு அங்கே யாரும் இல்லை. ஜவுபர் பிஸ்கற் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். இனி எனக்கு ஏது புதன்கிழமை என்று நினைத்தார். 

பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினார். ஹப்ஸா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்து நின்றாள். கையில் பாதி உரித்த வெங்காயம். கண் சிவந்திருந்தது, வெங்காயத்தால் சிவந்தது இல்லை.

"ஆரு வாப்பா உங்களப் போகச் சொன்ன?" என்று கேட்டாள்.

 நீ சமைத்தாயே என்று மட்டும் சொன்னார் ஜவுபர்.

"அழுதழுதுதான் சமைச்சன்" என்றாள் ஹப்ஸா. "நீங்க சிரிச்சீங்க வாப்பா. உம்மா மௌத்தானதுக்குப் பிறகு இப்பதான் சிரிச்சீங்க. மருதாணி வச்சீங்க, அத்தர் பூசினீங்க. உங்களுக்குக் கலியாணம் வேணுமாக்கும், வெக்கத்துல சொல்றீங்க இல்ல எண்டு நினைச்சன். மாமா வந்து வாப்பாக்குச் சம்மதம் எண்டாரு. வேணாம் எண்டு நான் எப்படிச் சொல்ற? நான் உங்களப் பிடிச்சு வச்சிக்கிட்டன் எண்டாகிரும் எண்டு பயந்தன்."

"எனக்குக் கலியாணம் என்னத்துக்கு மகள். கதைக்க ஓர் ஆள் கிடைச்சிச்சு. அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு."

"நான் இந்த வீட்டுலதானே வாப்பா இரிக்கன்" என்றாள் ஹப்ஸா.

 அவள் கேட்டதும் சரிதான். இத்தனை வருடம் ஒரு கூரையின் கீழ் இருந்துவிட்டு, வேறு ஊரிலிருந்து வந்த பிள்ளையிடம் தன்னுடைய சீவியம் முழுவதையும் கொட்டியிருக்கிறார். ஹப்ஸாவோ திரைக்குப் பின்னால் குந்தியிருந்து ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாள். வெள்ளத்துக்குள் நடந்து வந்த கதையைத் தனக்கு யாரும் சொன்னதில்லை என்றாள். வாப்பா தன்னைத் தூக்குவதில்லை, பொம்பிளைப்பிள்ளை என்று மனம் குறைந்திருக்கும் என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாளாம். சொல்லிவிட்டுச் சட்டைக்கையால் முகத்தைத் துடைத்தாள்.

ஜவுபர் தட்டைக் கீழே வைத்தார். கையைச் சாரனில் துடைத்துக்கொண்டார்.

ஹப்ஸா அந்த இடத்திலேயே நின்றபடி ஸைனுலாப்தீனுக்குப் போன் எடுத்தாள். வாப்பா எங்கேயும் போகவில்லை, இறக்காமத்துக்கு மாமாவே பதில் சொல்லிவிடுங்கள் என்றாள். அந்தப் பக்கம் ஸைனுலாப்தீன் குதித்தார். கொடுத்த வாக்கு என்ன ஆவது, யானை வருகிற காலத்தில் அந்த மனிசி என்ன செய்வது என்று கேட்பது ஜவுபருக்கும் கேட்டது. யானைக்கு வெடி வாங்கிக் கொடுங்கள் மாமா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் இருக்கிறதா என்று ஜவுபர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இரண்டு பேருக்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் உள்ளே போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. சோற்றைப் பார்க்கவேண்டும் என்று வாய்க்குள் சொன்னாள், ஆனால் போகவில்லை. கடைசியில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ஒண்டு கேக்கவா வாப்பா?" என்றாள். "உம்மாட கடைசி நேரத்துல நீங்க மட்டுந்தான் பக்கத்துல இரிந்த. அந்தப் புள்ள அதக் கேட்டப்பயும் நல்ல மௌத்து எண்டு மட்டும் சொல்லிட்டு விட்டுட்டீங்க. உம்மா கலிமா சொல்லித்தான் போனாவா?"

அல்லாஹ்வின் பெயரை நாவில் வைத்துப் போவதுதான் நல்ல மௌத்து, சபியா உம்மாவும் அப்படித்தான் போனா என்று எல்லாரும் சொன்னார்கள். மையித்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே அந்தக் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. யார் தொடங்கினார்களோ. ஜவுபர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் அப்படியே விட்டுவிடலாம். ஒரு "ம்" போதும். மகளின் மனம் ஆறும்.

"இல்ல மகள்" என்றார். "உம்மா குளிருது எண்டா. ஃபேன நிப்பாட்டுங்க எண்டா. எனக்கு அந்தச் சுவிச்சு எங்க இரிக்கி எண்டு தெரியல்ல. சுவர் முழுக்கத் தேடினன். பிறகு ஆரையாவது கேப்பம் எண்டு வெளிய போனன். திரும்பி வந்து பார்த்தா..."

 மூன்று வருடமாக அந்தச் சுவரில் அவர் சுவிச்சுத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். அது யாருக்கும் தெரியாது.

ஹப்ஸா அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். அழுகைக்கு நடுவில், உம்மாவுக்குச் சித்திரை வெயிலிலும் குளிர்தான் வாப்பா, போர்வை இல்லாமல் ஒருநாளும் படுத்ததில்லை என்றாள். ஓம் மகள், என்னுடைய போர்வையையும் சேர்த்துத்தான் எடுப்பா என்றார் ஜவுபர். அதற்கு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துவிட்டு மறுபடியும் அழுதார்கள். குசினியில் சோறு அடிப்பிடித்த வாசம் வந்தது. யாரும் எழும்பவில்லை.

கொஞ்ச நேரம் போய் ஹப்ஸா கேட்டாள், "அந்த நேரம் உங்களுக்குப் பயமா இரிந்திச்சா வாப்பா?"

புதன்கிழமைகளில் எத்தனை எத்தனை கேள்விக்குப் பதில் சொன்ன மனிதர். இதை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

"ஓம் மகள்" என்றார். "இப்பயும் பயந்தான்."

ஹப்ஸா கதிரைக்குக் கிட்ட நகர்ந்து வந்து, அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.